பொருளும் பொழுதும்

'காலம் பொன் போன்றது' என்னும் தொடரைத் தமிழ்ப்பள்ளியில் பயின்ற எவரும் அறிவர். கரும்பலகையின் மேல்விளிம்பிலும், வகுப்பறைச் சுவரிலும், கையெழுத்துப் பயிற்சி ஏட்டிலும் அது நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றது. காலத்தை வீணாக்கலாகாது என மாணவர்க்கு உணர்த்துவதே அதன் நோக்கம். நோக்கம் நன்று. ஆயினும், இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் அத்தொடரின்முன் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். உவமையாகக் கூறப்படுவது உவமிக்கப்படும் பொருளினும் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியர் காட்டிய நெறி. முகத்தை மதிக்கு ஒப்பிடுகின்றோர், மதி முகத்தினும் ஒளி மிக்கது என்பதனாலேயே அவ்வாறு கூறுகின்றனர். அந்நெறிப்படி நோக்கினால், காலத்தைப் பொன்னுக்கு ஒப்பிடுவோர் பொன்னே காலத்தினும் உயர்ந்தது என்று ஒப்புக்கொண்டவர் ஆகின்றனர். இஃது உண்மைதானா?

இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மனிதன் தன் வாழ்நாளை எதன்பொருட்டு எதற்கு விலையாகத் தருகின்றான் என்னும் அறவினா இதனுள் அடங்கியுள்ளது. ஊதியம் என்பது விற்கப்பட்ட நேரத்தின் விலை. நாள்தோறும் நேரத்தை விற்றே பெரும்பாலோர் பொருள் ஈட்டுகின்றனர். எவ்வளவு விற்பது, எந்த அளவோடு நிறுத்துவது என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர் என்பதே கேள்வி.

பொன்னின் இயல்பும் பொழுதின் இயல்பும்

பொன்னைப் பூட்டி வைக்கலாம். பொழுதைப் பூட்டி வைக்க இயலாது. பொன்னைச் செலவிடாதிருக்க ஒருவனால் முடியும். நேரமோ அவன் விரும்பினும் விரும்பாவிடினும் செலவாகிக்கொண்டே இருக்கின்றது. இழந்த பொன்னை உழைத்து மீட்கலாம். அடகு வைத்த நகையை வட்டி கட்டித் திருப்பலாம். கழிந்துபோன ஒரு மாலைப்பொழுதைத் திருப்பித் தரும் அடகுக்கடை எவ்வூரிலும் இல்லை. தந்தை மகனுக்குப் பொன்னை விட்டுச் செல்லலாம். தான் வாழாமல் விட்ட ஆண்டுகளை விட்டுச் செல்லுதல் இயலாது.

இவற்றினும் பெரியதொரு வேறுபாடு உண்டு. வங்கிக் கணக்கில் எஞ்சியிருக்கும் தொகை இவ்வளவு என்று ஒருவன் அறிவான். தன் வாழ்நாளில் எஞ்சியிருக்கும் நாள் இவ்வளவு என்று எவனும் அறியான். இருப்பு இன்னதெனத் தெரிந்த செல்வத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் மனிதன், இருப்பே தெரியாத செல்வத்தை எண்ணாமல் வாரி இறைக்கின்றான். திருவள்ளுவர் 'பொருள் செயல்வகை' என ஓர் அதிகாரம் வகுத்துப் பொருளின் தேவையை மறுக்காமல் கூறினார். அவரே 'நிலையாமை' எனவும், 'காலமறிதல்' எனவும் வேறு இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். மூன்றையும் ஒருங்கே கற்பவனே வள்ளுவத்தை முழுமையாகக் கற்றவன் ஆவான்.

காலத்தின்மீது மனிதனுக்கு எவ்வகை ஆட்சியும் இல்லை என்பதற்கு இந்நாட்டின் வரலாற்றிலேயே சான்று உண்டு. சப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்திற்கு மாற்றி வைக்கப்பட்டன. பின்னர் 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் நேரம் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு இணையுமாறு அரைமணி முன்னோக்கித் தள்ளப்பட்டது. சிங்கப்பூரும் அன்றே அவ்வாறு செய்தது. 1981 திசம்பர் 31ஆம் நாள் இரவு பதினொன்றரை மணி, அப்படியே நள்ளிரவு பன்னிரண்டாயிற்று. கடிகாரத்தில் அரைமணி மறைந்தது; ஆயினும் எவருடைய ஆயுளிலும் ஒரு நொடியும் குறையவில்லை. அரசு பணத்தை அச்சிடலாம், முள்ளை நகர்த்தலாம். நேரத்தை உண்டாக்கவோ அழிக்கவோ அதற்கு ஆற்றல் இல்லை.

காலமே பணம் என்றவர் செய்தது

காலத்தைப் பணமாகக் காணும் எண்ணத்தை உலகெங்கும் பரப்பியவருள் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் முதன்மையானவர். இளம் வணிகர்க்கு அறிவுரையாக 1748ஆம் ஆண்டில் அவர் எழுதிய சிறு கட்டுரையில் அக்கருத்து காணப்படுகின்றது. அரைநாள் சோம்பியிருப்பவன், அந்த அரைநாளில் ஈட்டியிருக்கக்கூடிய கூலியையும் வீசியெறிந்தவன் ஆகின்றான் என்பது அவர் காட்டும் கணக்கு. அக்கணக்கைப் பலர் மனப்பாடம் செய்தனர். அதே ஆண்டில் அவர் செய்ததைப் பலர் மறந்தனர்.

பிராங்கிளின் அச்சுத்தொழிலில் நன்கு பொருளீட்டியவர். 1748ஆம் ஆண்டில், நாற்பத்திரண்டு வயதில், வளர்ந்துவந்த அத்தொழிலின் பொறுப்பைத் தம் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு, வருவாயில் ஒரு பங்கே போதும் என்று ஒதுங்கினார். முழுநேரமும் தொழிலிலேயே நின்றிருந்தால் அவருடைய செல்வம் மேலும் பெருகியிருக்கக் கூடும். அவரோ மின்னாற்றல் ஆராய்ச்சிக்கும் பொதுப்பணிக்கும் தம் நேரத்தை மீட்டுக்கொண்டார். மின்னலும் மின்சாரமும் ஒன்றே எனக் காட்டும் ஆய்வுகளில் அவர் ஈடுபட்டது அதன் பின்னரேயாகும். இடிதாங்கி உலகுக்குக் கிடைத்ததும் அந்த மீட்கப்பட்ட நேரத்தினால்தான். காலமே பணம் என்று பிறர்க்குச் சொன்னவர், பணத்தைக் கொண்டு காலத்தை வாங்கினார். அவர் சொல்லைவிட அவர் செயலே சிறந்த பாடம். பொருள் என்பது பொழுதை விடுவிக்கும் கருவி. கருவியைப் பெருக்குவதற்காகவே பொழுது முழுவதையும் விற்பவன், எதை மீட்பதற்காகப் பொருள் தேடினானோ அதையே விற்றுவிடுகின்றான்.

வறுமையும் நேரத்தைத் திருடும்

இவ்வாறு கூறும்போது ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. வயிறு நிறைந்தவர்க்கே இத்தத்துவம் பொருந்தும். அன்றாடம் காய்ச்சிக்கு இதனால் என்ன பயன்? இம்மறுப்பு புறக்கணிக்கத் தக்கதன்று. இந்நாட்டுத் தமிழர் அதன் உண்மையைத் தம் உடலாலேயே அறிந்தவர்.

இரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டன்மாரின் நாள், அவர்களுக்கு உரியதாக இருந்ததில்லை. கருக்கிருட்டில் பெரட்டுக்கு நின்றாக வேண்டும். வெயில் ஏறினால் பாலோட்டம் தளரும் ஆதலின், குளிர்ந்த விடியற்பொழுது முழுவதும் மரத்திற்கே உரியது. பெற்றோர் மரம் வெட்டச் செல்ல, பிள்ளைகளும் உடன்சென்று மங்கு துடைத்தும் பால் சேர்த்தும் கைகொடுத்தனர். கடலைக் கடந்து வந்ததற்கான முன்பணமும் கடைக்கடனும் அவர்களை அவ்வேலையோடு பிணைத்து வைத்தன. கையில் பொருளில்லாதவனுக்குத் தன் நேரத்தின்மீது உரிமையும் இல்லை. ஆதலின் பொருள் வேண்டா என்று ஏழைக்கு உபதேசிப்பது அறமாகாது. கடனற்ற வாழ்வுக்கும், உண்டிக்கும், உறையுளுக்கும், மருந்துக்கும், பிள்ளைகளின் கல்விக்கும் வேண்டிய பொருளை ஈட்டுதல் ஒவ்வொருவர்க்கும் கடமை. அந்த எல்லைவரை பொருள் தேடுபவன் உண்மையில் தன் பொழுதையே மீட்டுக்கொண்டிருக்கின்றான். ஆராய வேண்டியது அந்த எல்லைக்கு அப்பால் நிகழ்வதையே.

ஒரு கணக்கு

பொழுதையும் பொருளையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதற்குக் கணக்குப் பாடமே துணைசெய்யும். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். மலேசியாவில் 2023ஆம் ஆண்டு சனவரி முதல் வாரத்தின் வேலைநேர வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என 56 மணி உறக்கத்திற்குப் போகும். எஞ்சுவது 67 மணி. அதில் போக்குவரத்து, குளியல், உணவு, வீட்டுவேலை ஆகியவற்றுக்கு 25 மணி என்று கொள்வோமாயின், 42 மணி நேரம் கையில் நிற்கும். மனைவி மக்களோடு பேசுவதற்கும், பெற்றோரைக் காண்பதற்கும், நூல் வாசிப்பதற்கும், கோயிலுக்கும் சங்கத்திற்கும் செல்வதற்கும், சும்மா இருப்பதற்கும் உரிய நேரம் அது.

மக்கள் 'ஓவர்டைம்' என வழங்கும் மிகைநேர வேலைக்கும் சட்டம் ஒரு வரம்பு விதித்துள்ளது. மாதத்திற்கு 104 மணி நேரம். அதனை முழுவதும் செய்பவருக்கு ஆண்டுக்கு 1,248 மணி, அதாவது வாரத்திற்கு 24 மணி நேரம் வேலையில் கூடுகின்றது. 42 மணியில் 24 மணி கழிந்தால் எஞ்சுவது 18 மணி. நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரத்திற்குச் சற்றே மிகும்.

இனி விலையைக் காண்போம். 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச மாத ஊதியம் பெறுபவர் நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்பவராயின், அவருடைய ஒருமணி ஊதியம், ஊதியத்தை 26 நாளால் வகுக்கும் சட்டமுறைப்படி, ஏறத்தாழ 8 ரிங்கிட் 17 சென். சாதாரண வேலைநாளின் மிகைநேரத்திற்கு ஒன்றரை மடங்கு தரவேண்டும் ஆதலின் அது 12 ரிங்கிட் 26 சென் ஆகும். 104 மணிக்கு ஏறத்தாழ 1,275 ரிங்கிட். வாடகையும் கடனும் நெருக்கும் குடும்பத்திற்கு இத்தொகை சிறிதன்று. இதனை வேண்டாவெனத் தள்ளும்படி அவருக்கு அறிவுரை கூற எவருக்கும் தகுதியில்லை.

ஆயினும் இச்சட்டத்திலேயே ஒரு நுட்பம் அமைந்துள்ளது. எட்டாவது மணி நேரத்திற்கு ஒரு விலை. ஒன்பதாவது மணி நேரத்திற்கு ஒன்றரை மடங்கு விலை. ஓய்வுநாளின் மிகைநேரத்திற்கு இரண்டு மடங்கு. பொதுவிடுமுறையின் மிகைநேரத்திற்கு மூன்று மடங்கு. ஒரே மனிதன், ஒரே இயந்திரம், ஒரே உழைப்பு. விலை மட்டும் ஏன் ஏறுகின்றது? வாங்கப்படுவது உழைப்பு மட்டுமன்று. தீபாவளியன்று வீட்டில் இருக்கும் உரிமையும் சேர்த்தே வாங்கப்படுகின்றது. ஒரு மணி நேரமும் மற்றொரு மணி நேரமும் சமமல்ல என்று சட்டமே ஒப்புக்கொள்கின்றது. சட்டம் அறிந்த இவ்வுண்மையை விற்பவனும் அறிந்திருத்தல் நலம்.

'போதும்' என்னும் சொல்

கடன் அடைபடுகின்றது. ஊதியமும் உயர்கின்றது. அப்போது அக்குடும்பத்தலைவன் மிகைநேர வேலையைக் குறைத்துக்கொள்கின்றானா? பெரும்பாலும் இல்லை. பழைய கடன் இருந்த இடத்தில் புதிய மகிழுந்தின் தவணை வந்து அமர்கின்றது. பக்கத்து வீட்டின் முன்கூடம் விரிந்தால் இவன் வீட்டின் முன்கூடமும் விரிய வேண்டியதாகின்றது. இவன் எல்லாவற்றையும் மக்களுக்காகவே செய்வதாகக் கூறுகின்றான், அது பொய்யுமன்று. ஆயினும், மகன் உறங்கியபின் வீடு திரும்பி, மகன் விழிக்குமுன் புறப்படும் தந்தை, மகனுக்கு வாங்கித் தருவன அனைத்தையும் கணக்கிட்டாலும், தன்னைத் தராத குறை நிரம்புவதில்லை. பத்தாண்டு கழித்து நேரம் கிடைக்கலாம். அப்போது பத்து வயது மகன் இருக்க மாட்டான். இருபது வயது இளைஞன் ஒருவன் இருப்பான். காலமறிதல் என்பது வினைக்கு உரிய காலத்தை அறிதலாகும். அந்நெறி அரசனின் போர்வினைக்குப் பொருந்துவது போலவே தந்தையின் கடமைக்கும் பொருந்தும்.

பொருளியல் அறிஞர் கெயின்சு 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், நூறாண்டுகளில் முன்னேறிய நாடுகளின் வாழ்க்கைத்தரம் நான்கு முதல் எட்டு மடங்கு உயருமென்றும், மக்கள் வாரத்திற்குப் பதினைந்து மணி நேரம் உழைத்தாலே போதியதாகுமென்றும் எதிர்பார்த்தார். அந்நூறாண்டு முடியும் காலம் நெருங்கிவிட்டது. செல்வம் அவர் கணித்தவாறே பெருகிற்று. வேலைநேரமோ பதினைந்து மணியின் அருகிலும் வரவில்லை. இதற்குரிய காரணத்தின் வித்து அவர் கட்டுரையிலேயே உள்ளது. மனிதனின் தேவைகள் இருவகை என்கின்றார் அவர். பிறர் எந்நிலையில் இருப்பினும் ஒருவனுக்கு வேண்டியவை ஒருவகை. பிறரினும் மேம்பட்டவனாகத் தோன்றுவதற்கு வேண்டியவை மற்றொரு வகை. முன்னது நிரம்பும். பின்னதற்கு நிரம்புதல் என்பதே இல்லை. ஏனெனில் ஒருவன் உயர உயர அளவுகோலும் உயர்கின்றது.

ஆதலின் பொழுதைக் காக்க விரும்புபவன் முதலில் கற்க வேண்டிய சொல் 'போதும்' என்பதே. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. மிகுதியாக உழைக்கத் தொடங்குமுன், எதற்காக என்பதையும் எந்நாள்வரை என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்திற்காக, அடுத்த ஆண்டு திசம்பர் வரை என்று எழுத முடியுமாயின் அவ்வுழைப்பு தேவையின்பாற்பட்டது. காரணமும் எழுத வரவில்லை, நாளும் குறிக்க இயலவில்லை என்றால் அது பழக்கத்தின்பாற்பட்டது. தேவைக்கு முடிவுண்டு, பழக்கத்திற்கு முடிவில்லை.

பள்ளி என்னும் சொல்

பொழுதைப் பணத்திற்கு விற்காமல் வைத்திருப்பவன் அதனை என்ன செய்கின்றான் என்பதும் கேட்கத் தக்கது. ஓய்வு வேறு, சோம்பல் வேறு. கைப்பேசித் திரையில் விரலை நகர்த்தியவாறே மூன்று மணி நேரத்தைக் கழிப்பவன், தன் பொழுதைக் காசுக்குக்கூட விற்கவில்லை, இலவசமாகக் கொடுத்துவிட்டான். ஒழிவுக் காலம் வந்தால் அதனை எவ்வாறு நுகர்வது என்று அறியாமல் மக்கள் திகைப்பர் எனக் கெயின்சு அன்றே அஞ்சினார். உழைக்க மட்டுமே பழக்கப்பட்டவனுக்கு ஓய்வும் ஒரு சுமையாகும். ஓய்வைப் பயன்கொள்ளும் கலையும் கற்பிக்கப்பட வேண்டியதே.

அதனைக் கற்பிக்கும் இடம் எது? ஆங்கிலத்தில் பள்ளியைக் குறிக்கும் 'ஸ்கூல்' என்னும் சொல், 'ஸ்கோலே' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அக்கிரேக்கச் சொல்லின் முதற்பொருள் ஓய்வு என்பதாகும். பிழைப்புக்கான வேலையிலிருந்து விடுபட்ட பொழுதில் அறிவைத் தேடிய இடமே பள்ளியாயிற்று. தமிழிலும் வியத்தகு ஒற்றுமை காணப்படுகின்றது. 'பள்ளி' என்பது படுக்கையையும் உறங்குமிடத்தையும் குறிக்கும் சொல். பள்ளியறை, பள்ளியெழுச்சி முதலிய சொற்களில் அப்பொருள் இன்றும் வாழ்கின்றது. சமண, பௌத்தத் துறவியர் உறைந்த இடமும் பள்ளி எனப்பட்டது. கல்வி பயிலும் இடத்திற்கும் அதுவே பெயராயிற்று. தொலைதூரத்து இரு மொழிகள் கல்விக்கூடத்திற்கு ஓய்வின் பெயரையே சூட்டியுள்ளன.

மலாயாவின் தோட்டப்புறப் பள்ளிகளும் இப்பொருளுக்கு இலக்கியமாக விளங்கின. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கப்பட வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவற்றுட் பல பழுதுற்ற கொட்டகைகளே. ஆயினும், மங்கு துடைத்த கையில் பலகையைத் தந்து, மரத்திற்கு உரியதாயிருந்த பொழுதில் சில மணி நேரத்தையேனும் பிள்ளைக்கு உரியதாக்கிய இடம் அது. கூலியாகக் கணக்கிட முடியாத அந்தச் சில மணி நேரத்திலிருந்தே இந்நாட்டுத் தமிழரின் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் பலர் தோன்றினர்.

ஆசிரியரின் பொழுது

இவ்வுண்மையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கே கடினமான சோதனை காத்திருக்கின்றது. பள்ளிமணி அடித்தபின் கட்டண வகுப்பு நடத்துவது குற்றமன்று. ஆசிரியர்க்கும் குடும்பம் உண்டு. ஆனால், இரண்டாம் ஆண்டில் பயிலும் ஒரு சிறுவனுக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. கட்டண வகுப்புக்கு அனுப்ப அவன் வீட்டில் வசதியில்லை. நாள்தோறும் அரைமணி நேரம் அவனருகே ஒருவர் அமர்ந்தால் அவன் படித்துவிடுவான். அந்த அரைமணிக்கு விலை தருபவர் எவருமில்லை. விலையுள்ள நேரமும் விலையில்லாத நேரமும் ஆசிரியரின் முன் நிற்கும் இடம் அதுவே. வாரத்தின் எல்லா மாலைகளையும் விற்றுவிட்டவருக்கு அச்சிறுவனுக்குக் கொடுக்க ஒன்றும் எஞ்சுவதில்லை. ஒரு மாலையையேனும் விற்காமல் வைத்திருப்பவரே கொடுக்கக் கூடியவர். ஈகைக்குப் பொருள் சேர்த்து வைப்பது போன்றே, ஈகைக்குப் பொழுதையும் சேமித்து வைத்தல் வேண்டும் என்பது இதனால் புலனாகும்.

மாணவர்க்கும் இப்பாடத்தை அறிவுரையாக அன்றிப் பயிற்சியாகவே தரலாம். 168 கட்டங்கள் வரைந்த தாளொன்றைக் கொடுத்து, ஒரு வாரம் முழுவதும் ஒவ்வொரு மணி நேரமும் எங்கே போயிற்று என்று நேர்மையுடன் குறிக்கச் சொல்லலாம். வார இறுதியில் ஆசிரியர் ஒன்றும் கூறவேண்டியதில்லை, தாளே பேசும். ஆசிரியரும் தமக்கென ஒரு தாளை நிரப்புவாராயின் பயிற்சி இன்னும் சிறக்கும். எனினும், ஒவ்வொரு நிமிடத்தையும் இறுகப் பிடிக்கும் கருமித்தனத்தை மாணவர் கற்றுக்கொள்ளலாகாது. பணத்தில் கருமி இருப்பது போலவே நேரத்திலும் கருமி உண்டு. வீட்டிற்கு வந்த முதியவரோடு பத்து நிமிடம் பேசுவதை இழப்பெனக் கருதுபவன் காலத்தின் அருமையை அறிந்தவன் அல்லன். அதன் அளவை மட்டும் அறிந்தவன்.

'காலம் பொன் போன்றது' என்னும் தொடர் வகுப்பறைச் சுவரில் இருக்கட்டும். அதனை எழுதச் சொல்லும் ஆசிரியர், அவ்வுவமை எவ்விடம்வரை பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது என்பதையும் சேர்த்தே விளக்குவாராக. வீணாக்கலாகாது என்ற அளவில் இரண்டும் ஒக்கும். இழந்தபின் மீட்கலாமா என்று கேட்கும் இடத்தில் அவ்வொப்புமை முறிந்துவிடும். பொன்னை உவமையாகச் சொல்லக் கற்ற மாணவன், பொன் தாழ்ந்து பொழுது உயர்ந்து நிற்கும் அவ்விடத்தையும் காண வல்லவனாயின், பின்னொரு நாள் ஊதியச் சீட்டைக் கையில் வாங்கும்போது இரண்டு கணக்குப் பார்ப்பான். பெற்றது எவ்வளவு என்பது ஒன்று. அதற்காகக் கொடுத்தது எவ்வளவு என்பது மற்றொன்று. சீட்டில் அச்சாகியிருப்பது முதற்கணக்கு மட்டுமே. இரண்டாவதை அவனே எழுதிக்கொள்ள வேண்டும்.